பிரிந்த நண்பர்கள் மறுபடி சந்திக்கும் காமெடி: நான் எழுதிக் கெடுத்த பக்கங்கள்

போன மாதம் மூன்று உதவி இயக்குநர்கள் ஆளுக்கொரு பவுண்ட் ஸ்கிரிப்டை, அதாவது பைண்ட் பண்ணிய முழுத் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மூன்றிலும் 45 வயதைத் தொட்ட நண்பர்கள், ஒரு பழைய சண்டை, கல்யாணமோ சாவோ வந்து மறுபடி சந்திப்பு. மூன்றாவதை மூடி வைத்தபோது சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. 11 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து.

சுகர் மாத்திரை ஜோக், சொட்டைத்தலை ஜோக், தொப்பையோடு கிரிக்கெட் ஆடி இடுப்பு பிடித்துக்கொள்வது, இதையெல்லாம் குறைக்கச் சொல்லி நான் எழுத வேண்டியதில்லை. டிஸ்கஷனுக்கு டீ கொண்டுவரும் பையனே சொல்லிவிடுவான்.

சண்டையை பிளாஷ்பேக்கில் காட்டுவது

என் கதையில் இரண்டு பேர் பேசாமல் போனதற்குக் காரணம் மொய். 1994இல் ஒருவனுக்குக் கல்யாணம். உயிர் நண்பன் 501 ரூபாய் வைத்ததாகச் சொல்கிறான். மொய் நோட்டில் இருப்பதோ 51. 'இவ்வளவுதானா நான்?' என்று மாப்பிள்ளைக்குக் கோபம். 'என்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டானே' என்று மற்றவனுக்கு. காரணத்தில் தப்பில்லை. நம் ஊரில் பத்திரிகையை நேரில் வைக்காததற்காகச் சாகும்வரை பேசாமல் இருந்தவர்கள் உண்டு.

தப்பு அதற்கு அப்புறம். அந்தக் கல்யாணத்தை முழுசாக எழுதினேன். மண்டபம், குழாய் ஸ்பீக்கர், வாசலில் அம்பாசடர் கார்கள், 200 ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், இளமைக் கால வேஷத்துக்குக் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர். மொய் எழுதும் பெரியவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபரை விட்டுவிடுவதை க்ளோசப்பில் காட்டினோம். திரையில் 22 நிமிஷம். மொத்த ஷூட்டிங் 40 நாள், அதில் இதற்கு மட்டும் 9 நாள்.

ரஃப் கட்டை, அதாவது படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்த எடிட்டர், "இந்த இடத்துல படம் படுத்துடுது" என்றார். ஏனென்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. சைபர் விட்டுப்போனது தியேட்டருக்கே தெரிந்துவிட்டது. பார்ப்பவனுக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் சிரிப்பு வராதா என்பீர்கள். வரும், ஐந்து நிமிஷம் வரும். ஒரு மணி நேரம் இழுத்தால் 'யாராவது சொல்லித் தொலைங்கடா' என்றுதான் தோன்றும். இருவரும் ஆளுக்கொரு கதை சொல்வதும், எது நிஜம் என்று நாம் முழிப்பதும்தான் இந்த மாதிரிப் படத்தின் உயிர். அதை நானே 9 நாள் செலவு செய்து கொன்றிருக்கிறேன்.

22 நிமிஷத்தையும் தூக்கிவிட்டு, ஒரே நாளில் ஒரு சீன் எடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா பரணிலிருந்து மஞ்சப்பையை இறக்கச் சொல்கிறாள். உள்ளே அந்த மொய் நோட்டு. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி 101. டெய்லர் 21. அப்புறம் அந்த 51. அமைதி. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை இருக்கிறது, கையில் வந்த பணத்தை எண்ணிப் போட்டது. செல்போனில் கூட்டிப் பார்த்தால் 450 உதைக்கிறது. மறுபடி கூட்டுகிறார்கள். மறுபடியும் 450.

"அன்னைக்கே கூட்டிப் பாத்திருக்கலாம்ல?"

"நீயுந்தான் பி.காம்."

தியேட்டரில் பெரிய சிரிப்பு அதற்குத்தான் வந்தது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அந்த நான்கு பையன்களில் ஒருவன், படம் வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னது நான்தான். 1983இல் வந்த 'தி பிக் சில்' படத்திலும் இதே கதைதான். இறந்துபோன நண்பனாக கெவின் காஸ்ட்னர் நடித்த பிளாஷ்பேக்கை இயக்குநர் லாரன்ஸ் காஸ்டன் மொத்தமாக வெட்டிவிட்டார். பிணத்துக்கு உடை மாட்டும் காட்சியில் உடம்பு கொஞ்சம் தெரிவதோடு சரி. அவருக்கு 1985இல் 'சில்வராடோ'வில் அதே இயக்குநர் நல்ல வேஷம் கொடுத்தார். எங்கள் பையனுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

பிளாஷ்பேக் இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதை ஒருவன் விடும் பீலாவாக ஆக்குங்கள். 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்' (2013) படம் 1990இன் ஒரு இரவைக் காட்டித்தான் தொடங்குகிறது. ஆனால் அது படத்தின் நாயகன் கேரி கிங் தன் பெருமையைத் தானே சொல்வது. சொல்லி முடித்ததும்தான் தெரிகிறது, அவன் சிகிச்சைக் குழு ஒன்றில் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறான்.

பார்த்தவுடன் 'டேய் மச்சான்'

20 வருஷம் பேசாதவனைப் பார்த்ததும் யார் வாயிலும் 'டா' வராது. 'நீங்க' என்றால் கூச்சம், 'நீ' என்று சொல்ல உரிமை மிச்சம் இருக்கிறதா தெரியாது. அதனால் இரண்டையும் தொடாமல் பேசுவோம். "எப்ப வந்தது?" "பஸ்லயா, கார்லயா?" "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" என் மாமாவும் அவருடைய பழைய கூட்டாளியும் ஒரு பதினாறாம் நாள் சாப்பாட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் வரைக்கும் இப்படியே ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். ரசம் வந்தபோது மாமா வாய் தவறி, "இங்க ஊத்தச் சொல்லுடா" என்றார். கூட்டாளி சொல்லவில்லை, வாளியை வாங்கித் தானே ஊற்றினார். அந்த ஒரு 'டா'வுக்காக 30 பக்கம் காத்திருக்கலாம். முதல் சீனிலேயே மச்சானைச் செலவழித்துவிட்டால் அப்புறம் கையில் என்ன இருக்கும்?

வாட்ஸப் குரூப்பில் கதையைத் தொடங்குவது

திரையில் திரையைப் படிக்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

மனைவிகள்

போனில் திட்டுவதற்கு மட்டும்தான் என்றால் எழுதாமலே விடுங்கள்.

பழைய காதலி

அது வேறு படம்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆடும் பாட்டு

தயாரிப்பாளர் கேட்பார். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.