அபராதம் கட்டாமல் சிறையில் இருப்பவருக்குப் பரோல்: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

"எப்படியாவது பரோல் வாங்கிக் கொடுங்க, வெளியே வந்து பணத்தைப் புரட்டிக் கட்டிடுவார்." அபராதம் கட்ட முடியாமல் உள்ளே போனவரின் வீட்டார் வக்கீலிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தவறும் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பரோல் விடுதலை அல்ல. தமிழ்நாட்டில் அதற்கான 1982ஆம் ஆண்டு விதிகளுக்குப் பெயரே 'தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்'. நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், பிள்ளையின் கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு கேட்கலாம். சாதாரண விடுப்பு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தவர்களுக்கானது. அபராதத்துக்காக மூன்று மாதம், ஆறு மாதம் இருப்பவருக்கு அந்தத் தகுதி வருவதற்குள் காலமே முடிந்துவிடும்.

அவர் வெளியே வர வேறு வழி இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 8ஆம் பிரிவின்படி (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 68, 69) அபராதம் கட்டியதுமே அந்தச் சிறை முடிகிறது. முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. பகுதிப் பணத்துக்கும் கணக்கு உண்டு. அபராதம் 12,000 ரூபாய், கட்டாவிட்டால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் இருந்துவிட்டார். வீட்டார் 8,000 கட்டினால் பாக்கி மூன்றில் ஒரு பங்கு. அதற்குரிய இரண்டு மாதத்தை அவர் ஏற்கெனவே கழித்துவிட்டார். அன்றே விட வேண்டும்.

"எட்டு மாதம் விசாரணைக் கைதியா இருந்தாரே, அதில் கழிஞ்சுடாதா?" கழியாது. விசாரணைக் கால நாட்களைக் கழிக்கும் சலுகை அபராதத்துக்கான சிறைக்குப் பொருந்தாது என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 468ஆம் பிரிவு சொல்கிறது. இது தண்டனையே அல்ல, பணம் கட்டாததன் விளைவு என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சாந்திலால் வழக்கில் விளக்கியது. தீர்ப்பில் 'ஏக காலத்தில்', அதாவது தண்டனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைபவர்களும் உண்டு. அபராதம் கட்டாததற்கான சிறை அதில் சேராது. 2018இல் சரத் ஹிரு கோலம்பே வழக்கில் அதுவும் தீர்ந்துபோன கேள்வி.

தீர்ப்பைச் சரியாகப் படிக்காமல் விடுவது இன்னொன்று. குற்றத்துக்குச் சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்றால், கட்டாததற்கான சிறை அக்குற்றத்தின் உச்ச தண்டனையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. திருட்டுக்கு உச்சம் மூன்று ஆண்டு, எனவே ஒன்பது மாதம். வரம்புக்குள் இருந்தாலும் மேல்முறையீட்டில் குறைக்கக் கேட்கலாம்: 2012இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டை ஆறு மாதமாக்கியது.

வெறும் அபராதம் மட்டுமே தண்டனை என்றால், தீர்ப்பு நாளிலேயே வாயைத் திறந்து அவகாசம் கேளுங்கள். முப்பது நாளோ, இரண்டு மூன்று தவணையோ தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

கையில் காசே இல்லையா? கந்துவட்டிக்குப் போகும்முன் சிறைக் கண்காணிப்பாளரிடமும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் மனுக் கொடுங்கள். ஏழைக் கைதிகளுக்கான 2023ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தில், தகுதி இருந்தால், 25,000 ரூபாய் வரை அபராதத்தை அரசே கட்டும்.

காலம் முழுவதையும் உள்ளே கழித்துவிட்டால் அபராதத்தை வசூலிக்க வழக்கமாக வாரண்ட் வராது. சிறப்புக் காரணத்தை நீதிமன்றம் எழுதி வைத்தாலோ, அபராதத்திலிருந்து இழப்பீடோ செலவோ தரச் சொல்லியிருந்தாலோதான் வரும். ஆனால் செக் வழக்குகளில் விதிக்கும் இழப்பீடு அப்படியல்ல. சிறையில் இருந்து முடித்த பிறகும் அதை வசூலிக்கலாம்.