தின்பது உடம்பில் ஒட்ட: கேழ்வரகு, கம்பு, முருங்கை, செறிவூட்டிய அரிசி

காலையில் கேழ்வரகுக் கூழ், வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை, பானையில் வேகுவதும் இரும்புச்சத்து சேர்த்த, செறிவூட்டிய அரிசி. இவ்வளவும் இருந்தும் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டாத வீடுகள் உண்டு. “தின்பது உடம்பில் ஒட்டலை” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சொல் அறிவியல்படியும் சரியானது. தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதி மலத்தோடு போய்விடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. கேழ்வரகும் கீரையும் தெரிந்த ஊரில்தான் இந்த நிலைமை. அதனால் எதைச் சாப்பிடுவது என்பதைவிட எப்படிப் பக்குவம் செய்வது, எதனோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பதற்கே இங்கே அதிக இடம்.

கேழ்வரகை முளைகட்டுவது

தானியத்தின் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். குடலால் பிரித்தெடுக்க முடியாது. விதை முளைவிடும்போது, தன் தேவைக்காக அந்தப் பிடியைத் தானே தளர்த்திக்கொள்கிறது. முளைகட்டுவதில் கிடைக்கும் முதல் லாபம் இது. இரண்டாவது லாபத்தைக் குழந்தைக் கஞ்சியில் பார்க்கலாம்.

ஒரு கிலோ கேழ்வரகைக் கல் போக அரித்து, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவுங்கள். 10 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் கட்டி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். ஒரே பெரிய மூட்டையாகக் கட்டினால் நடுவில் சூடேறி அங்கிருக்கும் தானியம் அழுகும். அரைக் கிலோ வீதம் இரண்டாகப் பிரித்து, தளர்வாகக் கட்டுவதே நல்லது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துக் கிளறிவிட்டு, துணி காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கவும். கோடையில் 24 மணி நேரம், மார்கழிக் குளிரில் 36 மணி நேரம் வரை பிடிக்கும். வெள்ளை முளை தானியத்தைவிடச் சற்று நீளமாக வந்தால் போதும். விரலில் பிசுபிசுப்பு, புளித்த வாடை இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டு வேண்டாம். கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். இரு கைகளாலும் தேய்த்து, முறத்தில் புடைத்தால் காய்ந்த முளைகள் பறந்துவிடும். வறுப்பது பெயருக்குத்தான்: அடுப்பைச் சிறு தீயில் வைத்து, தானியம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து லேசாக மணம் எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். வாசம் வேண்டும் என்று சிவக்க வறுத்தால், முளையில் உண்டான நொதி (மாவுச்சத்தை உடைத்து இளக்கும் பொருள்) கருகிப்போய், இரண்டு நாள் உழைப்பு வீணாகும்.

மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அரைத்திருந்தால் இரண்டு கைப்பிடி அரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைத் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள். மாவு சூடாக வரும். அந்தச் சூட்டோடு டப்பாவை மூடினால் மூடிக்கு அடியில் வியர்த்து, ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். துணியில் பரப்பி முழுவதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக் கஞ்சி எங்கே தவறுகிறது

குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு 200 மில்லி, ஒரு டம்ளர். சாதாரணக் கேழ்வரகு மாவில் அந்த ஒரு டம்ளர் கஞ்சிக்கு 20 கிராம் மாவு போட்டாலே கெட்டியாகிவிடும். குழந்தை துப்புகிறது என்று அம்மா தண்ணீரைக் கூட்டுகிறார். வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை. குழந்தை வேண்டிய அளவு சாப்பிட்டும் மெலிவதற்கு இந்தத் தண்ணீர்க் கஞ்சி ஒரு பெரிய காரணம். அம்மாவின் அக்கறையில் குறை எதுவும் இல்லை. யாரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

முளைகட்டிய மாவில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது. அதனால் அதே டம்ளரில் 35, 40 கிராம் மாவு வரை போட்டாலும் கஞ்சி கரண்டியில் இளகி நிற்கும். ஆனால் இந்த நொதி கொதிநீரில் உடனே செத்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால், முளைகட்டாத மாவைப் போலவே இறுகும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே மெதுவாகச் சூடேற்றுங்கள். முதலில் கெட்டியாவது போலத் தோன்றும், பிறகு தானே இளகும். அதன்பின் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கலாம்.

எல்லா மாவையும் முளைகட்ட நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. 40 கிராம் சாதாரண மாவை 200 மில்லி தண்ணீரில் காய்ச்சுங்கள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத களியாக இருக்கும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, முளைகட்டிய மாவு ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் கரண்டி லேசாகும். களியாக இருந்தது கண் முன்னாலேயே கூழாக வழியத் தொடங்கும். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. கடைசியாகத் தூவிய மாவு பச்சையாக இருப்பதால், மறுபடி ஒரு கொதி வரவிட்டு இறக்குவது கட்டாயம்.

கஞ்சியோடு ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய், மசித்த பாசிப்பருப்பு அல்லது வேகவைத்த முட்டை சேர வேண்டும். கேழ்வரகு மட்டும் போதாது. வறுத்த நிலக்கடலையைப் பொடியாக்கிச் சேர்க்கலாம், முழுசாகத் தரக் கூடாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது போகாது. கடலைப் பொடியை மாவோடு மொத்தமாகக் கலந்து வைத்தால் காறல் வாடை வந்துவிடும், அவ்வப்போது பொடிப்பதே சரி. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம். 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு 2–3 வேளை, 9 மாதத்துக்கு மேல் 3–4 வேளை, தாய்ப்பாலும் கூடவே. ஆரம்பத்தில் துணியில் வடிகட்டிக் கேழ்வரகுப் பாலாகக் கொடுத்தால், எட்டாம் ஒன்பதாம் மாதத்துக்குள் அதை நிறுத்திவிடுங்கள்; வடிகட்டும் துணியிலேயே சத்தில் ஒரு பகுதி நின்றுவிடுகிறது.

இரும்பு கூடிய கம்பு

இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் மகாராஷ்டிரத்தின் மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘தனசக்தி’ என்ற கம்பு ரகம் 2012-இல் அங்கே வெளியானது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பும் 40 மில்லிகிராம் துத்தநாகமும் கொண்டது. மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இதை ரொட்டியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நான்கே மாதத்தில் உடம்பின் இரும்புச் சேமிப்பு கூடியது. இந்தியாவில் இப்போது புதிதாக வெளியிடும் கம்பு ரகம் எதுவானாலும் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பு, 32 மில்லிகிராம் துத்தநாகம் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதியே வந்துவிட்டது.

தனசக்தி வீரிய ஒட்டு அல்ல, அதனால் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. சுமார் 75 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது, கம்பில் மகரந்தம் காற்றில் பரவும். பக்கத்து வயலில் வேறு ரகம் ஒரே சமயத்தில் பூத்தால் கலந்துவிடும். இரண்டு மூன்று போகத்தில் பெயர்தான் தனசக்தி, இரும்பு பழைய அளவுக்கே இறங்கியிருக்கும். விதைக்கு என்று எடுப்பதானால் வேறு கம்பு வயலிலிருந்து 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அல்லது வயலின் நடுப்பகுதிக் கதிர்களை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது புது விதை வாங்க வேண்டும்.

மண்ணில் துத்தநாகம் குறைவாக இருந்தால் எந்த ரகம் போட்டும் பயனில்லை. மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து கடைசி உழவுக்குப் பின் தூவுங்கள். டிஏபி உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள். அதிலுள்ள பாஸ்பரஸோடு சேர்ந்து செடிக்குக் கிடைக்காத உப்பாகிவிடும்.

கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசக்கும். தானியத்தில் எண்ணெய் அதிகம், அரைத்த உடனே அது கெடத் தொடங்குகிறது. இந்தக் கசப்பால்தான் பல வீடுகளில் கம்பு நின்றுபோனது. கொதிநீரில் தானியத்தை அரை நிமிடம் போட்டு எடுத்து, காயவைத்து அரைத்தால் ஒரு மாதம் தாங்கும். இல்லையென்றால் மாவாக்காமல், பழைய முறையிலேயே இடித்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சுங்கள். புளிப்பதிலும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. தோல் போக இடிக்கலாம், வெள்ளை வெளேரென்று தீட்டக் கூடாது; இரும்பு இருப்பது முளைக்கருவிலும் மேல் அடுக்கிலும்தான். கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வது ருசிக்கு மட்டுமல்ல. வெங்காயமும் பூண்டும் தானியத்தின் இரும்பைக் குடலுக்கு எட்டும்படி விடுவிக்கின்றன என்று மைசூரு உணவு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

கொய்யா, நெல்லி, டீ

சாப்பாட்டோடு சேரும் வைட்டமின் சி இரும்பு சேர்வதை இரண்டு மூன்று மடங்கு வரை கூட்டும். எலுமிச்சை பிழிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி 10 மில்லிகிராமைத் தொடாது. அரைக் கொய்யாவிலோ ஒரு நடுத்தர நெல்லிக்காயிலோ 80 மில்லிகிராமுக்குக் குறையாது. பிழிவதானாலும் இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் அது அழிந்துவிடும். பழத்தை மாலையில் தனியாகத் தின்றால் இரும்புக்கு உதவாது. அதே சாப்பாட்டோடு இருக்க வேண்டும்.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் இதற்கு நேர் எதிரி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் கூழோடு டீயையும் முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். டீயைப் பத்து மணி இடைவேளைக்குத் தள்ளினாலே பலன் உண்டு. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டையும் இரும்புச் சட்டியில் வையுங்கள், புளிப்பு சட்டியின் இரும்பைக் கரைத்துக் கொடுக்கும். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

முருங்கை

இணையத்தில் முருங்கையிலையில் 28 மில்லிகிராம் இரும்பு என்று ஓடுகிறது. அது நூறு கிராம் உலர் பொடிக்கான கணக்கு. பச்சை இலையில் நூறு கிராமுக்கு 4 முதல் 5 மில்லிகிராம்தான். ஆனாலும் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டினுக்கும் கால்சியத்துக்கும் இதற்கு இணையான கீரை குறைவு. கரோட்டின் சேர எண்ணெய் வேண்டும், எனவே பொரியலுக்கு ஒரு கரண்டி எண்ணெயைக் குறைக்காதீர்கள்.

இலைக்கென்று வளர்ப்பவர்கள் பெரியகுளத்தின் பி.கே.எம் 1 என்ற முருங்கை ரகத்தின் விதையை ஊன்றி, இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிளைகள் அடர்ந்து கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும். பொடிக்கு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்த பொடி பழுப்பாகிவிடும், கரோட்டினும் போய்விடும். கை பட்டால் நொறுங்கும் பதத்தில் பொடித்து, வெளிச்சம் படாமல் வைத்தால் மூன்று மாதம் நல்ல பச்சையாக இருக்கும். குழந்தைக் கஞ்சிக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, ஒன்றுக்கு மேல் போக வேண்டாம். அளவு மீறினால் கசப்பும் வயிற்றுப்போக்கும் வரும்.

செறிவூட்டிய அரிசி

நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்திருக்கும் மங்கலான மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். அரிசியையே மாவாக்கி, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, மறுபடி அரிசி வடிவில் அழுத்தியவை அவை. சத்து முழுவதும் அந்த மணியில்தான். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு 8 முதல் 13 மில்லிகிராம் வரும். அவருக்குத் தேவை 29. ஆக இது துணைதான். களையும்போது மிதப்பதைக் கொட்டிவிடாமல் இரண்டு முறை அலசினால் போதும். கஞ்சி வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்து வேகவிட்டால் ஃபோலிக் அமிலமும் மிஞ்சும். தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

உணவு போதாத இடம்

கர்ப்பிணிகள் 180 நாள் இரும்பு மாத்திரையை, இத்தனையும் சாப்பிட்டாலும் நிறுத்தக் கூடாது. வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் சேர்ந்த இரும்பும் ரத்தமாக வெளியேறும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுச் சுற்றளவை அங்கன்வாடியில் நாடாவால் அளப்பார்கள். 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் மாதந்தோறும் எடை பார்த்து உணவைக் கூட்ட வேண்டும். 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்ததும் குழி நின்றாலோ, குழந்தை உணவையே மறுத்தாலோ வீட்டுக் கஞ்சியை நம்பி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அந்த நிலையில் சாதாரணச் சாப்பாட்டை அதிகமாக ஊட்டுவதே ஆபத்து. தாய்-சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு, ஊட்டச்சத்து மறுவாழ்வுப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே கிளம்புங்கள். வழியில் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், குழந்தையின் உடம்பு குளிராமல் மார்போடு அணைத்துக்கொண்டு போங்கள்.