பெயரை நம்பி ஏமாற வேண்டாம்: அமெரிக்க விமான வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க விமான நிறுவனங்களின் பழைய கதைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். விமானத்தின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த நாட்டில் நிறுவனம் செத்த பிறகும் பெயர் மட்டும் உயிரோடு இருக்கும்.

பீட்மான்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1948இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய நிறுவனம். 1987இல் யுஎஸ்ஏர் என்ற பெரிய விமான நிறுவனம் அதை வாங்கியது. 1989இல் இணைப்பும் முடிந்து பெயர் மறைந்தது. சரி, இன்றைக்கும் பீட்மான்ட் ஏர்லைன்ஸ் என்று ஒன்று பறக்கிறதே, அது என்ன? மேரிலாண்டில் ரிச்சர்ட் ஹென்சன் தொடங்கிய வேறொரு சிறு நிறுவனம் அது. 1993இல் யுஎஸ்ஏர் அதற்குப் பழைய பெயரைச் சூட்டியது. பயன்படுத்தாமல் விட்ட பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு துணை நிறுவனத்தின் தலையில் ஒட்டிவைத்தார்கள், அவ்வளவுதான்.

பிஎஸ்ஏ (பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்) கதையும் இதேதான். மூக்கில் புன்னகை வரைந்த விமானங்களோடு கலிஃபோர்னியாவில் பறந்த அசல் பிஎஸ்ஏ 1988இல் யுஎஸ்ஏருக்குள் கரைந்தது. 1995இல் அந்தப் பெயர் ஓஹியோவில் இருந்த ஜெட்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனலுக்குப் போனது. புன்னகை கூடப் போகவில்லை. ஃபிரான்டியர் பெயரிலும் இரண்டு நிறுவனங்கள் உண்டு: ஒன்று 1986இல் மூடியது, மற்றது 1994இல் பிறந்தது. ரிபப்ளிக்கும் அப்படியே. எனவே எந்தப் பெயரை எழுதினாலும் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். பாதித் தவறு அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, இன்றைய வட்டார விமான நிறுவனங்களை அந்தக் காலத்து உள்ளூர்ச் சேவை நிறுவனங்களின் வாரிசுகளாக நினைப்பது. மொஹாக், ஓசார்க், நார்த் சென்ட்ரல், அலெகெனி போன்றவை இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மத்திய அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு தந்த அனுமதியில் வளர்ந்தவை. சிறு ஊர்களுக்குப் போக அரசு மானியம் கொடுத்தது. அவை டிசி-3 விமானங்களைத் தங்கள் பெயரிலேயே ஓட்டித் தங்கள் டிக்கெட்டையே விற்றன. இன்றைய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்கள். சொந்தமாக பஸ் ஓட்டும் முதலாளிக்கும், பெரிய கம்பெனியின் பலகையை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தில் ஓட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

விபத்துகளைப் பற்றி எழுதும்போது இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேரைப் பலிகொண்ட விமானம், கான்டினென்டல் கனெக்‌ஷன் என்ற பெயரில் பறந்தது. அதை ஓட்டியது கோல்கன் ஏர் என்ற வட்டார ஒப்பந்த நிறுவனம். ‘கான்டினென்டல் விமான விபத்து’ என்று மட்டும் எழுதினால், விமானிகளின் பயிற்சி, சோர்வு என்று அதன் பிறகு எழுந்த கேள்விகள் யாரைப் பற்றியவை என்பதே புரியாது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், இணையத்தில் டிக்கெட் விற்பவர்கள் உண்மையில் விமானத்தை ஓட்டுவது யார் என்பதையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்றது.

1978இல் கட்டணம், வழித்தடம் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை நீக்கிய சட்டம் வந்ததும் சிறு நிறுவனங்கள் உடனே அழிந்தன என்பது இன்னொரு பிழை. அவற்றில் பல முதலில் வளர்ந்தன. அலெகெனி 1979இல் யுஎஸ்ஏர் ஆனது. அதே ஆண்டில் நார்த் சென்ட்ரலும் சதர்னும் சேர்ந்து ரிபப்ளிக் ஆயின. 1986இல் ரிபப்ளிக்கை நார்த்வெஸ்ட் விழுங்கியது, ஓசார்க்கை டிடபிள்யூஏ விழுங்கியது. சட்டத்துக்கும் இதற்கும் இடையில் எட்டு ஆண்டுகள். மலிவுக் கட்டணமும் 1978இல் பிறந்ததல்ல. மாநில எல்லைக்குள் மட்டும் பறந்தால் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கலிஃபோர்னியாவில் பிஎஸ்ஏ 1949லிருந்தும் டெக்சஸில் சவுத்வெஸ்ட் 1971லிருந்தும் குறைந்த கட்டணத்தில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தன.

தயாரிப்பாளர்கள் பக்கம் வந்தால், போயிங் 717தான் பெரிய பொறி. 707க்கும் 727க்கும் நடுவில் வந்த விமானம் என்று எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது மெக்டொனல் டக்ளஸ் வடிவமைத்த எம்டி-95. 1997இல் போயிங் அந்த நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்ட பின் எண் மாறியது. விமானத்தைப் பார்த்தாலே பூர்வீகம் தெரியும்: வாலருகே இரண்டு எஞ்சின்கள், வரிசைக்கு ஐந்து இருக்கைகள் என எல்லாமே 1965இல் முதலில் பறந்த, டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-9இன் சாயல். விமான வடிவமைப்புக்கு அரசு தரும் வகைச் சான்றிதழிலும் அது டிசி-9 குடும்பத்தோடுதான் இருக்கிறது. 2006 வரை கட்டியது 156தான்.

கடைசியாக ஃபோக்கர் குழப்பம். நெதர்லாந்தின் ஃபோக்கர் நிறுவனம் வடிவமைத்த எஃப்-27ஐ மேரிலாண்டில் உரிமம் பெற்றுத் தயாரித்தது ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்க நிறுவனம். சொல்லப்போனால் 1958இல் முதலில் பயணிகளை ஏற்றியது அமெரிக்காவில் கட்டியதுதான், வெஸ்ட் கோஸ்ட் ஏர்லைன்ஸ் வழியாக. பின்னர் அதன் உடலை நீட்டி எஃப்எச்-227ஐ ஃபேர்சைல்ட் தானே உருவாக்கியது. 1972 அக்டோபரில் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானப்படை விமானம் இந்த ரகம். அதை ‘ஃபோக்கர்’ என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.