நெட்வொர்க் இல்லாத கணினியிலும் அவாஹியை நீக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் அச்சடிக்கும் டெபியன் லினக்ஸ் கணினி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. இணையம் கிடையாது, யூஎஸ்பி கம்பியில் ஒரு பிரிண்டர் மட்டும். நெட்வொர்க்கே இல்லாத பெட்டிக்கு நெட்வொர்க்கில் சேவை தேடும் நிரல் எதற்கு என்று ஒருநாள் அவாஹியை நீக்கினேன். அடுத்த ஞாயிறு பிரிண்டரைக் காணோம். உயிரெழுத்துத் தாளுக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

காரணம் இதுதான். இப்போதைய பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. 2021இல் வந்த டெபியன் 11 முதல், ஐபிபி-யூஎஸ்பி என்ற நிரல் கம்பியில் மாட்டிய பிரிண்டரைக் கணினிக்கு உள்ளேயே ஒரு நெட்வொர்க் பிரிண்டர் போல ஆக்கிவிடுகிறது. "இங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறது" என்று லூப்பேக் (கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வழி) வழியே அறிவிப்பது அவாஹி. அதைக் கேட்டுத்தான் கப்ஸ் என்ற அச்சு நிரல் பிரிண்டர் பட்டியல் போடுகிறது. அறிவிப்பவரை அனுப்பிவிட்டால் கேட்பவருக்கு என்ன தெரியும்? அவாஹியின் அமைப்புக் கோப்பில் ஈதர்நெட் இடைமுகத்தை மட்டும் அனுமதித்து, லூப்பேக்கை விட்டுவிட்டாலும் இதே கதிதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பழைய உபுண்டுவில் "நெட்வொர்க் சேவை கண்டறிதல் முடக்கப்பட்டது" என்று ஓர் அறிவிப்பு வரும். வைரஸ் என்று பயந்து கணினியையே அழித்து நிறுவுவது வீண் வேலை. காரணம் பெயர் மோதல்தான். '.லோக்கல்' என்று முடியும் பெயர், அவாஹி பயன்படுத்தும் எம்டிஎன்எஸுக்கு (உள்ளூர் நெட்வொர்க்குக்குள் பெயரால் தேடும் முறை) உரியது. 2013இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் அதை அப்படி ஒதுக்கியது. உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) அந்தப் பெயருக்கும் பதில் சொன்னால் அவாஹி ஒதுங்கிக்கொள்ளும். இந்தச் சோதனையை நிறுத்த, டிஃபால்ட் அடைவில் உள்ள அவாஹி கோப்பில் 1 என்பதை 0 ஆக்கினால் போதும். வீட்டு ரவுட்டருக்கு நீங்களே '.லோக்கல்' என்று பெயர் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதன் ஐபி முகவரியைக் கையால் எழுதி வைக்கிறார்கள். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) முடிந்து ரவுட்டர் மறுபடி எழும்போது அந்த முகவரி மாறிவிடலாம். பெயரால் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிரிண்டர் தெரியவில்லை என்று ஃபயர்வாலை முழுதாக அணைத்துப் பார்ப்பது கெட்ட பழக்கம். யூடிபி 5353 என்ற வாசலை (போர்ட்) மட்டும் திறந்தால் போதும். எம்டிஎன்எஸ் பேச்சு 224.0.0.251 என்ற முகவரியில் அந்த வாசலில்தான் நடக்கிறது. அது ரவுட்டரைத் தாண்டிப் போகாது. அதனால் விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு பிரிண்டரைத் தேடாதீர்கள்.

சேவை பட்டியலில் தெரிகிறது, ஆனால் பெயரால் பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தால்) பதில் இல்லை என்றால் அவாஹியைக் குறை சொல்ல வேண்டாம். ஈடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திறந்து, ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ் சொல் டிஎன்எஸுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வகுப்புக் கணினியில் அவாஹியை மறுபடி நிறுவி, பிரிண்டர் கம்பியைக் கழற்றி மாட்டினேன். பட்டியலில் பெயர் வந்தது.