டச்சுக் கூட்டுச்சொற்கள்: சொற்கள் சேரும் இடத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்

நீளமான சொல்லைக் கண்டு மிரள்வது, நடுவே இடைவெளி விட்டு எழுதுவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன். புதிதாக டச்சு படிக்க வரும் தமிழர்கள், ஒருகாலத்தில் நான் செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தமிழ்ப் புணர்ச்சியை அங்கே கொண்டுபோவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்கிறது நன்னூல். தமிழில் இயல்பு, டச்சில் வம்பு. ‘டான்ட்’ என்றால் பல், ‘ஆர்ட்ஸ்’ என்றால் மருத்துவர். இரண்டையும் சேர்த்ததும் நம் நாக்கு ‘டாண்டார்ட்ஸ்’ என்று உருட்டிவிடுகிறது. ‘வண்டி’யில் வருவதுபோல் டகரம் குழைந்துவிடுகிறது. எழுத்தில் இருப்பதும் அந்தக் குழைந்த ஒலிக்கான எழுத்துதான். ஆனால் கூட்டுச்சொல்லின் ஓர் உறுப்பு (சேர்ந்திருக்கும் சொற்களில் ஒன்று) முடியும் இடத்தில் அது ‘பாட்டு’வில் உள்ளதுபோல் கெட்டியாகிவிடும். ‘டான்ட்’ என்று முடித்துவிட்டு ‘ஆர்ட்ஸ்’ தொடங்க வேண்டும். வரி முடிவில் சொல்லை முறிப்பதும் அங்கேதான்.

பிரிக்கும் இடமும் அழுத்தமும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. 1953 பிப்ரவரி 1 அன்று கடல் தடுப்புக் கரையை உடைத்துப் புகுந்ததில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அந்தப் பேரழிவுக்கு ‘வாட்டர்ஸ்நோட்ராம்ப்’ என்று பெயர். நெதர்லாந்தின் ஸேலாந்து மாகாணத்தில் குடியேறிய என் மாணவர் ஒருவர் அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டிருக்கிறார். ‘வாட்டர்-ஸ்நோட்ராம்ப்’ என்று வெட்டி, கடைசி அசையில் ஓங்கி அடித்திருக்கிறார். பெரியவர் இரண்டு முறை “என்ன?” என்றுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாராம். அந்த வெள்ளத்தை நேரில் கண்டவர் அவர்! நடுவில் வரும் இணைப்பு ‘ஸ்’ முன் உறுப்புக்குச் சொந்தம்: வாட்டர்ஸ், நோட், ராம்ப். முதன்மை அழுத்தம் முதல் உறுப்பில், அதாவது ‘வா’வில். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். டச்சுக் காதோ அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது.

இரண்டு விதமாகப் பிரியும் சொற்கள்

‘டைக்ராம்ப்’ என்பதை டைக் + ராம்ப் என்று பிரித்தால் கரை உடைந்த பேரழிவு. டை + க்ராம்ப் என்றால் தொடையில் தசைப்பிடிப்பு. டச்சுக்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது மட்டும் கவனம்.

விதிவிலக்குகள்

நகர மன்றக் கட்டடமான ‘ஸ்டாட்ஹௌஸ்’ முதல் உறுப்பில் அல்லாமல் இரண்டாம் உறுப்பில் அழுந்தும். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்யுங்கள்.

வினைச்சொற்கள்

‘ஃபோர்கோமென்’: முதலசை அழுந்தினால் நிகழ்வது, ‘கோ’ அழுந்தினால் தடுப்பது. வேலையிடத்துப் பாதுகாப்புக் கூட்டத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.