அமெரிக்காவில் கொள்கை, மொழிபெயர்ப்பு, மொழி கற்பித்தல் முதுகலை: வந்திறங்கும் தமிழ் மாணவர்களுக்கு

அமெரிக்காவுக்கு முதுகலை படிக்க வருபவர்களுக்குத் தமிழில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கணினி, பொறியியல் மாணவர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. சர்வதேசக் கொள்கை, மொழிபெயர்ப்பு, இன்டர்பிரட்டிங் (பேச்சை வாய்மொழியாக மொழிபெயர்ப்பது), ஆங்கிலம் கற்பித்தல் என்று வந்திருப்பவர்கள் அதை அப்படியே பின்பற்றினால் இரண்டாம் ஆண்டு முடிவில் மாட்டிக்கொள்வார்கள். படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி, ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதத் துறைக்காரர்களுக்கு 12 மாதம், அதற்குமேல் 24 மாதம் நீட்டிப்பு. உங்களுக்குப் பெரும்பாலும் அந்த 12 மாதம் மட்டும்தான். மற்ற எல்லாத் திட்டங்களையும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தை எடுத்து, பாடத்தின் பெயரோடு இருக்கும் ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். 13.1401 என்றால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல். 16.0103 மொழிபெயர்ப்பும் இன்டர்பிரட்டிங்கும். 45.0901 சர்வதேச உறவுகள். மூன்றுமே ஸ்டெம் பட்டியலில் இல்லை. கொள்கைப் படிப்பில் மட்டும் கொஞ்சம் இடமுண்டு. புள்ளியியலும் பொருளாதார அளவியலும் அதிகமுள்ள பிரிவுகளைச் சில பல்கலைக்கழகங்கள் ஸ்டெம் எண்ணில் பதிந்திருக்கின்றன. உங்கள் துறையில் அப்படி ஒரு பிரிவு இருந்தால், மாறுவதற்கு முதல் செமஸ்டர்தான் சரியான நேரம். கணிதம் பிடிக்காதவர்கள் வேலை நாளுக்காக மட்டும் மாற வேண்டாம். மதிப்பெண் சரிந்தால் வேலையும் வராது.

முதல் வாரங்கள்

வந்த உடனே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வகுப்பில் சேர்வது வேறு, வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அரசுத் தரவுத்தளமான செவிஸில் பதிவாவது வேறு. படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பல்கலைக்கழகம் உங்களை செவிஸில் பதிய வேண்டும். முழுநேர மாணவர் என்பதற்கு முதுகலையில் பொதுவாக 9 கிரெடிட் கேட்பார்கள். அதில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் கணக்கில் சேரும். வீடு மாறினால் 10 நாளுக்குள் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

நீங்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள். வகை எஃப்-1 (மாணவர்) என்றும், காலக்கெடு டி/எஸ் (மாணவர் நிலை நீடிக்கும் வரை) என்றும் இருக்க வேண்டும். டி/எஸ் முறையை மாற்றிக் குறிப்பிட்ட தேதி தரும் விதியை 2025 ஆகஸ்டில் அரசு முன்மொழிந்தது. எனவே உங்கள் ஐ-94-இல் தேதி அச்சாகியிருந்தால், அதைக் கெடுவாக எடுத்துக்கொண்டு டிஎஸ்ஓ-விடம் காட்டுங்கள். டிஎஸ்ஓ என்பவர் உங்கள் ஐ-20-இல் கையெழுத்திடும் அதிகாரி. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை விட அவர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

பெயர்ப் பிரச்சினை தமிழர்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், இருக்கும் ஒரே பெயர் விசாவில் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை) என்று வரும். வங்கியில் ஒரு விதமாக, சோஷியல் செக்யூரிட்டியில் வேறு விதமாக, ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது விதமாகப் பதிவானால், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார். இன்னும் கிளம்பவில்லை என்றால், தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள். வந்துவிட்டீர்கள் என்றால், ஐ-20-இல் உள்ள வரிசையையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இன்ஷியலை இங்கே ஒருமுறை போட்டு அங்கே விட்டுவிடாதீர்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண் வேலை கிடைத்தால்தான் கிடைக்கும். வளாக வேலைக்கான கடிதம், டிஎஸ்ஓ கடிதம் இரண்டும் வேண்டும். வந்திறங்கி 10 நாளாவது கழித்து சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போங்கள்; அதற்குள் உங்கள் பதிவு அவர்கள் கணினியில் ஏறியிருக்காது. வங்கிக் கணக்குத் தொடங்க இந்த எண் கட்டாயமில்லை. வாடகை வீட்டில்தான் கிரெடிட் ஸ்கோர் கேட்பார்கள். அதற்குப் பதிலாக உதவித்தொகைக் கடிதத்தையோ வங்கி இருப்புச் சான்றையோ காட்டலாம். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. கூட்டு லீஸில் கையெழுத்திட்டால், அறைத்தோழர் ஓடிப்போனாலும் அவர் பங்கு வாடகையை உங்களிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அரிசி, பருப்பு பற்றிக் கவலை வேண்டாம். பல்கலைக்கழக ஊர்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு இந்தியக் கடை இருக்கும். வெளிநாட்டில் சமைப்பது எப்படி என்று ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள்.

வகுப்பில் எங்கே இடறும்

கொள்கைப் படிப்பில் முதல் அடி மெமோ. ஒன்றோ இரண்டோ பக்கம். மேலே யாருக்கு, யாரிடமிருந்து, தேதி, பொருள். முதல் பத்தியிலேயே உங்கள் பரிந்துரை வந்துவிட வேண்டும். நம் ஊர்க் கட்டுரைப் பழக்கத்தில் முன்னுரை, வரலாறு, பின்னணி என்று ஏறிக் கடைசியில்தான் முடிவுக்கு வருவோம். இங்கே அதற்கு மதிப்பெண் குறையும். அமைச்சருக்கு உதவியாளர் கொடுக்கும் தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதல் ஐந்து வரிக்கு மேல் படிக்க மாட்டார். பரிந்துரைக்கு எதிரான மிக வலுவான வாதத்தையும் எழுதி, அது ஏன் போதாது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் பேசுவதற்கும் தனி மதிப்பெண் உண்டு. கேட்டால் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும்.

இன்டர்பிரட்டிங் வகுப்பில் முதலில் வருவது நினைவாற்றலும் குறிப்பெடுத்தலும். பேச்சாளர் சில நிமிடம் பேசி நிறுத்தியபின் நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லும் முறையில், குறிப்பு என்பது வாக்கியம் எழுதுவதல்ல. யார், என்ன செய்தார், யாருக்கு என்பதைத் தாளில் சாய்வாகக் கீழிறக்கி எழுதி, ஒரு கருத்து முடிந்ததும் குறுக்கே கோடு போடுவார்கள். சுருக்கெழுத்துப் பழகியவர்களுக்கே இங்கே சிரமம். அவர்கள் கை எல்லாச் சொற்களையும் பிடிக்கும், ஆனால் கருத்து நழுவிவிடும். எண்களையும் பெயர்களையும் மட்டும் உடனே எழுதுங்கள்; மற்றதைக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே பேசும் முறையில் பூத்தில் (ஒலி புகாத சிறு அறையில்) இருவர் அமர்ந்து 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்குமேல் ஒருவரே பேசினால் பிழைகள் பெருகும், பேசுபவருக்கே அது தெரியாது. எழுத்து மொழிபெயர்ப்பில் டிராடோஸ், மெமோகியூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள்களை முதல் பருவத்திலேயே பழகிவிடுங்கள். வேலை விளம்பரங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மொழி கற்பித்தலில் பாடத் திட்டத்தை எழுதும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும். “மாணவர்கள் இறந்த காலத்தைப் புரிந்துகொள்வார்கள்” என்று நோக்கம் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். புரிந்துகொண்டார்களா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? “நேற்று என்ன செய்தோம் என்று பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து வாக்கியத்தில் சொல்வார்கள்” என்று எழுதினால் பார்த்துச் சொல்லிவிடலாம். இன்னொன்று, பட்டம் வேறு, பள்ளி ஆசிரியர் உரிமம் வேறு. ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலை முடித்ததால் மட்டும் அரசுப் பள்ளியில் பாடம் நடத்த முடியாது. உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை உங்கள் படிப்போடு சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். கல்லூரிகளிலும் மொழி மையங்களிலும் பட்டம் மட்டும் போதும் என்ற இடங்கள் உண்டு.

வேலை: எது செய்யலாம், எது கூடாது

பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆசிரிய உதவியாளர் இடம் கேட்பவர்களுக்குப் பல இடங்களில் தனியாக ஒரு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு உண்டு. அதன் தேதியை வந்த வாரமே விசாரியுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஊரில் இருந்தபோது சென்னை நிறுவனத்துக்குச் செய்து வந்த ஃப்ரீலான்ஸ் வேலையை இங்கே வந்தும் லேப்டாப்பில் தொடர்வது. பணம் இந்தியக் கணக்கில்தானே விழுகிறது என்பார்கள். வேலை செய்யும் நபர் அமெரிக்க மண்ணில் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். அனுமதியில்லாத வேலை என்று முடிவானால் எஃப்-1 நிலையே போய்விடும். டிஎஸ்ஓ-விடம் கேட்காமல் ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி, அதாவது படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வெளியே வேலை செய்யும் அனுமதி. ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்தபின்தான் பொதுவாகக் கிடைக்கும். ஆகஸ்டில் சேர்ந்தவர்களுக்கு அடுத்த கோடை சரியாக அமையும். ஜனவரியில் சேர்ந்தவர்களுக்கு முதல் கோடையில் பெரும்பாலும் கிடைக்காது, விண்ணப்பிக்கும் முன் இதைக் கணக்கிடுங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி போய்விடும். உலக வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் என்றால் தனி வழி ஒன்று உண்டு. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஐ-765 படிவத்தில் அதற்கென்று ஒரு வகை இருக்கிறது. அது ஓபிடி நாட்களைத் தின்னாது. ஆனால் அனுமதி அட்டை வர மாதங்களாகும் என்பதால் பலர் அதை முயல்வதில்லை.

கொள்கை மாணவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்: அமெரிக்க மத்திய அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். வாஷிங்டன் வகுப்பறையில் பேசப்படும் வேலைகளில் பாதி உங்களுக்கு இல்லை. சர்வதேச அமைப்புகள், ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் பக்கம் உங்கள் பட்டியலைத் திருப்புங்கள்.

தமிழ் எங்கே உதவும்? ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. வேறு மொழி இல்லாமல் அந்த பூத்துக்குக் கனவு காண வேண்டாம். அமெரிக்க மொழிபெயர்ப்புப் பட்டப் படிப்புகளில் தமிழ்–ஆங்கில இணை அரிது. தேவை இருப்பது மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும்தான். மருத்துவ இன்டர்பிரட்டிங்கில் எல்லா மொழியினருக்கும் பொதுவான கோர்-சிஎச்ஐ தேர்வு இருக்கிறது, அதற்கு 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். கலிஃபோர்னியா நீதிமன்றங்களில் சான்றிதழ் தரப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை, எனவே பதிவுபெற்ற இன்டர்பிரட்டர் என்ற வழியில்தான் போக வேண்டும். மொழி கற்பித்தல் படிப்பவர்களுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நல்ல களம். வீட்டில் தமிழைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பது எளிதல்ல, அதனாலேயே ஆய்வுக்கு ஏற்றது. எல்லோரும் சம்பளமில்லாமல் செய்யும் வேலையாக இருந்தால் மட்டுமே தன்னார்வம் என்ற பெயரில் அங்கே போகலாம்.

பழைய பட்டியல்களில் மான்டரேயை முதலிடத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இந்த மூன்று துறைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த மிடில்பரி கல்வி நிலையம், நேரில் படிக்கும் முதுகலைப் படிப்புகளை 2027 ஜூனுக்குள் முடித்துக்கொள்வதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எந்தப் படிப்பானாலும் சேரும் முன் அடுத்த இரண்டாண்டுக்கு மாணவர் சேர்க்கை தொடர்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படிப்பு நின்றுவிட்டால் செவிஸ் பதிவை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாம். அதற்குப் புதிய இடத்தில் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

வரி, பிறகு ஓபிடி

சம்பளமே வாங்காதவர்களும் அமெரிக்காவில் தங்கிய நாட்களை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 8843-ஐ அனுப்ப வேண்டும். கெடு ஜூன் 15. சம்பளம் வாங்கியவர்களுக்கு, வரிக் கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர், கெடு ஏப்ரல் 15. அமெரிக்கர்கள் நிரப்பும் 1040-ஐ நிரப்பிவிட்டுப் பிறகு திருத்துபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இந்தியக் குடிமக்கள் இரு நாட்டு ஒப்பந்தத்தின் பிரிவு 21(2)-இன்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) எடுக்கலாம். இலங்கைத் தமிழர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-1-இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு அது பிடிக்கக் கூடாது.

ஓபிடி விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்தபின் 60 நாள் வரை அனுப்பலாம். முதல் நாளிலேயே அனுப்புங்கள். டிஎஸ்ஓ பரிந்துரை செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் நிராகரிப்புதான். வேலை அனுமதி அட்டையில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து வேலையில்லாத நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. வேலை துறையோடு தொடர்புடையதாக, வாரம் குறைந்தது 20 மணி நேரமாவது இருக்க வேண்டும். பல வாடிக்கையாளர்களுக்கு ஒப்பந்த வேலை, சொந்தத் தொழில், சம்பளமில்லாத் தன்னார்வப் பணி எல்லாமே முதல் 12 மாதத்தில் செல்லும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பெரிய ஆறுதல். மணிநேரம், வாடிக்கையாளர், பணியின் தன்மை மூன்றையும் தேதியோடு குறித்துவையுங்கள், கேட்கும்போது காட்ட வேண்டும். ஓபிடி காலத்தில் ஊருக்குப் போனால் ஐ-20-இன் பயணக் கையெழுத்து ஆறு மாதத்துக்கு மட்டும்தான் செல்லும். படிக்கும்போது இருந்த ஓராண்டு அல்ல.