கடலில் இறக்கிய அக்ரிலிக் ஜன்னல்: கெடுப்பது பாதி நாள் நம் கைதான்

கடலுக்கடியில் சில வாரம் கிடந்த கேமராவை மேலே எடுத்தால், முன்பக்க அக்ரிலிக் ஜன்னலில் பழுப்பும் பச்சையுமாக வழுவழுப்பு, ஓரத்தில் நாலைந்து கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரி, பார்னக்கிள்). உடனே கை தேடுவது கத்தியைத்தான். அங்கேதான் பெரிய தவறு.

கொட்டலசு புரதப் பசையால் ஒட்டிக்கொள்வது. கத்தியால் நெம்பினால் மேல் ஓடு உடைந்து வரும், வட்டமான அடித்தட்டு அப்படியே கிடக்கும், கூடவே அக்ரிலிக்கில் கீறல் விழும். அந்தக் கீறல் படத்தைக் கெடுப்பதோடு நிற்காது. அடுத்த முறை கிருமிகள் ஒண்டிக்கொள்ள அதுவே தோதான இடம். பாத்திரம் துலக்கும் பச்சை நாரும் இதே வேலையைத்தான் செய்யும்.

பாசி தெரிந்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களிலேயே கரிமப் பொருள்கள் படிகின்றன, சில மணி நேரத்தில் பாக்டீரியா, அப்புறம் டயட்டம் என்னும் நுண்பாசி, அதற்குப் பின்னால்தான் கொட்டலசின் லார்வா. வழுவழுப்பு நிலையிலேயே மெல்லிய துணியால் துடைத்தால் வந்துவிடும். எடுத்த கருவியை வெயிலில் காயப்போட்டுவிட்டால் அவ்வளவுதான், எல்லாம் இறுகிவிடும். கழுவும்வரை ஈரமாகவே வைத்திருங்கள்.

கழுவ நல்ல தண்ணீரும் சில சொட்டு சோப்பும் போதும். அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். ஸ்பிரிட் உடனே எதுவும் காட்டாது. ஆனால் திருகு இறுக்கிய இடங்களைச் சுற்றி, சிலந்தி வலைபோல நுண்விரிசல் கிளம்பும். ஜன்னல் பாலிகார்பனேட் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால், அதற்கு அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகாது.

கப்பலின் அடிப்பாகத்துக்குச் செய்வதை இங்கே கொண்டுவருவதும் சரிப்படாது. தாமிரப் பெயின்ட் ஜன்னலையே மறைத்துவிடும். ஒட்டவிடாத சிலிக்கோன் பூச்சு நல்லதுதான், ஆனால் கப்பல் ஓடும்போது தண்ணீரின் வேகம் அழுக்கை உரித்துக்கொண்டு போவதால்தான் அது பலன் தருகிறது. ஒரே இடத்தில் கட்டிப்போட்ட கருவிக்கு அந்த வேகம் ஏது? டிபிடி (ட்ரைபியூட்டைல்டின்) என்ற நச்சு கலந்த பெயின்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கப்பல்களுக்கே அதைத் தடை செய்யும் உலக ஒப்பந்தம் 2008-லேயே அமலுக்கு வந்துவிட்டது.

ஜன்னலைச் சுற்றித் தாமிர வளையம் போடுவது நல்ல வழி. கசியும் தாமிர அயனி லார்வாக்களை விரட்டும். ஆனால் அந்த வளையம் அலுமினியக் கூட்டை நேராகத் தொட்டால், உப்புத் தண்ணீரில் இரண்டும் மின்கலமாகி அலுமினியத்தை அரித்துவிடும். இடையில் ஒரு பிளாஸ்டிக் தகடு வையுங்கள்.

புற ஊதா விளக்கிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. கிருமியைக் கொல்லும் யுவி-சி கதிர் சாதாரண அக்ரிலிக்கை ஊடுருவாது. உள்ளே பொருத்தினால் வெளிப்பக்கத்தில் பாசி நிம்மதியாக வளரும். வெளியிலிருந்து அடித்தால் பாசி அடங்கும், ஆனால் நாளாவட்டத்தில் பாலிகார்பனேட் மஞ்சளாகும்.

தானாகத் துடைக்கும் வைப்பர் எனக்குப் பிடித்தது. ஆனால் அதன் ரப்பர் விளிம்பில் ஒரே ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஜன்னலில் வில்போல ஒரு கோடு இழுக்கும். இறக்குவதற்கு முன் விரலால் அந்த விளிம்பை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.